மெதுவியல்: இலங்கையில் வந்திறங்கியோர் ஊர்தி ஏறும் முறை குறித்த சாத்திர ஆராய்ச்சி

யானைக்குச் சாத்திரம் உண்டு. குதிரைக்குச் சாத்திரம் உண்டு. தோளில் பல்லி விழுந்தால் என்ன பலன் என்பதற்கும் உண்டு. கட்டுநாயக்க விமான நிலையத்தின் வாசலில், கையில் பெட்டியும் கண்ணில் தூக்கமுமாக நிற்கும் பயணி அடுத்து எதில் ஏறுவார், ஏன் ஏறுவார் என்பதற்கு மட்டும் நூல் இல்லை. 2024இல் மட்டும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டார் இலங்கைக்கு வந்தனர். அத்தனை பேரும் ஒரு சூத்திரமும் கல்லாமல் வண்டி ஏறியிருக்கிறார்கள். அக்குறை நீக்கவே இந்நூல் எழுந்தது. பாயிரம் இவ்வளவே, நூற்பயன் முதலியவற்றை வாசகர் வருவித்துக்கொள்க.

முதற்சூத்திரம் வருமாறு: ஊர்தியின் வேகம் குறையக் குறைய, அதன்மேல் பயணியின் காதல் கூடும்.

இதற்கு உரை. ஆகாய விமானம் மணிக்கு எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. கீழே கடலும் பாலைவனமும் கடந்து போகின்றன. பயணியோ ஜன்னலைச் சாத்திவிட்டு, கண்ணுக்குக் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு தூங்குகிறார். அதே மனிதர் இரண்டு நாள் கழித்து மலைநாட்டு ரயிலின் வாசலில் காலைத் தொங்கவிட்டு அமர்ந்து, மணிக்கு இருபது கிலோமீட்டரில் நகரும் ஒரு தேயிலைச் செடியை இமைக்காமல் பார்க்கிறார். மற்ற ஊர்திகள் எல்லாம் இவ்விரு எல்லைகளுக்கும் நடுவே தத்தம் வேகத்துக்கேற்ற காதலைப் பெற்று நிற்கின்றன.

சான்று வேண்டுவோர் நெடுஞ்சாலைகளை நோக்குக. விமான நிலையத்திலிருந்து கொழும்புக்குச் சுமார் முப்பது கிலோமீட்டர். 2013இல் திறந்த அதிவேகப் பாதையில் ஏறினால் அரை மணி நேரத்தில் நகரின் வாசல். அப்பாதையைப் புகழ்ந்து எந்தப் பயணியும் ஊருக்கு அஞ்சலட்டை எழுதியதாகத் தெரியவில்லை. தெற்கே காலிக்குப் போகும் அதிவேகப் பாதை 2011இலேயே வந்துவிட்டது. ஆனால் பயணி கொழும்புக் கோட்டை நிலையத்தில் வரிசையில் நின்று கரையோர ரயிலுக்கு ரிக்கெட் எடுக்கிறார். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வீடுகளின் கொல்லைப்புறம், உப்புக்காற்றில் முகம் பிசுபிசுக்கிறது. அதிவேகப் பாதையில் போயிருந்தால் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கலாம் என்பது அவருக்கும் தெரியும்.

இங்கே ஒரு தடை எழும். வேகம் குறையக் காதல் கூடுமானால், வேகம் முழுதும் அற்ற இடத்தில் காதல் எல்லையற்றதாக வேண்டுமே. 2013இல் பெருஞ்செலவில் திறக்கப்பட்ட மத்தள விமான நிலையத்தில் விமானம் வருவதும் போவதும் அபூர்வம். அங்கே கூட்டம் அலைமோதவில்லையே எனின், விடை எளிது. சூத்திரம் ஊர்தியைப் பற்றியது. ஊர்தியே இல்லாத இடத்தில் அது செல்லாது. மேலும் அந்நிலையத்துக்கு யாரும் வரவில்லை என்பதும் பிழை. அதன் சரக்குக் கிடங்கில் ஒருகாலத்தில் நெல் வந்து தங்கியது. காட்டு யானைகளும் மான்களும் வந்தன; அவற்றைத் துரத்த 2016இல் படையினரை அனுப்ப வேண்டியிருந்தது. சுற்றுலா இல்லை என்றுதான் சொல்லலாம், வருகை இல்லை என்று சொல்லக் கூடாது.

இனி ஆட்டோ. இந்நூலின் நடுநாயகம் இதுவே. நாட்டில் பதிவான ஆட்டோக்கள் பத்து லட்சத்துக்கும் மேல். ஏறத்தாழ இருபது பேருக்கு ஒன்று. ஏறுவது எப்படி என்பதில் சிக்கல் இல்லை. கட்டணத்தை அறிவது எப்படி என்பதில்தான் சமய பேதங்கள் தோன்றின. சைவ சித்தாந்திகள் உண்மையை அறியக் காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகளைச் சொல்வர். ஆட்டோவுக்கும் அவை மூன்றுமே.

காட்சி என்பது மீட்டர். கொழும்பில் மீட்டர் பூட்டிய ஆட்டோக்கள் உண்டு. ஆனால் மீட்டர் இருப்பது வேறு, மீட்டர் ஓடுவது வேறு. விமானத்திலிருந்து இறங்கியவரைக் கண்டதும் சில மீட்டர்களுக்கு உடல்நலம் குன்றிவிடும். மறுநாள் உள்ளூர்க்காரர் ஏறினால் தேறிவிடும்.

கருதலளவை நூல்களில் புகையைக் கண்டு நெருப்பை அறிவதாக வரும். ஆட்டோவில் இதைக் கையாள்பவர் பயணி அல்லர், சாரதி. முதுகுப்பையின் பருமன், செருப்பில் ஒட்டிய மண், தோளின் வெயிற்சிவப்பு, கையில் விரித்த வரைபடம் ஆகிய ஏதுக்களைக் கொண்டு அவர் கட்டணம் என்னும் சாத்தியத்தை ஒரே நொடியில் நிறுவிவிடுவார். நியாய நூல் செய்த அக்கபாதர் அருகில் நின்றிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

உரையளவை என்பது நம்பத்தக்கவர் வாக்கு. இப்போது அந்த இடத்தில் இருப்பவை பிக்மீ, ஊபர் முதலிய செயலிகள். கண்ணுக்குத் தெரியாத ஒருவர் கைப்பேசியில் ஒரு தொகையைச் சொல்ல, இருவரும் வாய் பேசாமல் ஏற்கிறார்கள். சுற்றுலா ஊர்களின் ஆட்டோத் தரிப்பிடங்களில் மட்டும் இந்த ஆகமம் செல்லாது. அங்கே செயலி என்று வாய் திறப்பவர் புறச்சமயி.

மூன்றுக்கும் அடங்காத நாலாவது முறை ஒன்று யாழ்ப்பாணத்தில் உண்டு.

“எவ்வளவு அண்ணை?”

“தெரியாதே தம்பி? பாத்துத் தாங்கோவன்.”

இதற்கு எந்தத் தர்க்க நூலிலும் விடை இல்லை. தொகை இல்லாததால் பேரம் இல்லை. பேரம் இல்லாததால் தப்ப வழியும் இல்லை. நூறு ரூபாய் கூடக் கொடுத்துவிட்டு, குறைத்துக் கொடுத்துவிட்டோமோ என்ற உறுத்தலோடு இறங்குவதே வழக்கம். மூன்று அளவைகளாலும் முடியாததை ஒரு மரியாதைச் சொல் முடித்துவிடுகிறது.

முதற்சூத்திரத்துக்கு ஆட்டோ தரும் பெரிய சான்று ஒன்று உண்டு. அண்மைக்காலமாக வெளிநாட்டார் ஆட்டோவை வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டித் தீவைச் சுற்றுகிறார்கள். ஊரில் தரமான கார் வைத்திருப்பவர்கள்தான். இங்கே ஆட்டோ மணிக்கு நாற்பது கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, அதிவேகப் பாதைக்குள் நுழையவும் கூடாது. அந்த இரண்டு தடைகளையும் காசு கொடுத்து வாங்கி, மழையில் நனைந்து, மேட்டில் தள்ளி, வழியெல்லாம் சிரித்துக்கொண்டு போகிறார்கள்.

பேருந்தைப் பற்றி நெடுக எழுத இடமில்லை, பேருந்திலும் இடமில்லை. 1958இல் அரசுடைமையான சிவப்புப் பேருந்துகள் ஒருபுறம், பாட்டை அலறவிட்டு ஒன்றையொன்று முந்தும் தனியார் பேருந்துகள் மறுபுறம். விமான நிலையப் பக்கமிருந்து கொழும்புக்கு வரும் 187ஆம் இலக்கப் பேருந்தே எல்லாவற்றிலும் மலிவு. ஓர் ஐயம் மட்டும் தீர்க்கத்தக்கது. முன்னிருக்கை மதகுருமாருக்கு என்று எழுதியிருப்பது ஏன்? மரியாதை என்பர் ஒருசாரார். வளைவில் தனியார் பேருந்து லாரியை முந்தும் காட்சியை நேருக்கு நேர் காண்பதற்கு, உயிர்மேல் பற்று நீங்கியவராக இருக்க வேண்டும் என்பதே என் துணிபு.

மலைநாட்டு ரயிலுக்கு வருவோம். கொழும்பிலிருந்து பதுளைக்கு ஏறத்தாழ 290 கிலோமீட்டர். கடுகதி வண்டிக்கும் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் வேண்டும். இந்த மெத்தனம் யாரும் திட்டமிட்டது அன்று. கோப்பிக் கொட்டையைத் துறைமுகத்துக்கு இறக்க வெள்ளைக்காரத் தோட்டத்துரைமார் கேட்ட பாதை இது. 1867இல் கண்டியைத் தொட்டது. பிறகு இலைநோய் கோப்பியைத் தின்றது, தேயிலை வந்தது, 1924இல்தான் பதுளை வந்தது. நாற்பத்துநாலு அடி போனால் ஓரடி ஏறும் சரிவு, இடையறாத வளைவு, நாற்பதுக்கும் மேற்பட்ட சுரங்கம். பட்டிப்பொல நிலையம் கடல் மட்டத்துக்கு 1,898 மீட்டர் மேலே. தெமோதரையில் பாதை குன்றைச் சுற்றி இறங்கி, தான் கடந்துவந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கமாக நுழைகிறது. எல்லவை அடுத்த ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் கல்லும் செங்கல்லும் சிமெந்தும் கொண்டு முடிந்தது. இன்று அதன்மேல் ரயில் வரும் நேரத்தில் பார்ப்பவர் தொகை ரயிலில் இருப்பவரை விஞ்சிவிடுகிறது. கொட்டைக்குப் போட்ட பாதையில் இன்று இறங்குவது புகைப்படம்.

ஆனால் சூத்திரத்துக்கு ஒரு புறனடை சொல்லாமல் விட்டால் நூல் குறையுடையது. அந்த ஜன்னலில் தெரியும் மலைகளுக்கு முதலில் வந்தவர்களின் ஊர்தி ரயிலினும் மெதுவானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கும் அதற்கு அப்பாலும் நடந்தார்கள். பலர் வழியிலேயே இறந்தார்கள். என் சூத்திரப்படி அவர்களே மிகப் பெரிய காதலை அடைந்திருக்க வேண்டும். ஆகவே சூத்திரத்தை இப்படித் திருத்துகிறேன்: திரும்பு ரிக்கெட் கையில் உள்ளவருக்கு மட்டும், வேகம் குறையக் காதல் கூடும். இன்றும் அதே ரயிலில் ஹற்றனுக்கு வேலைக்குப் போகும் ஆசிரியைக்கு அது தாமதம்தான், தரிசனம் அன்று.

கடல்வழி பற்றி இரண்டு வரி. சென்னையில் ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்பு சேர்ந்த போட் மெயில் 1964 புயலோடு தன் தனுஷ்கோடியை இழந்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் விட்டார்கள். பருவமழையைக் காரணம் காட்டிச் சில நாளிலேயே நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டில் மறுபடி விட்டார்கள். விமானம் வேகம், ரயில் மெது. இக்கப்பலுக்கு வேறோர் அளவுகோல் வேண்டும்: உண்டு, இல்லை. இது சமணரின் அநேகாந்தவாதத்துள் அடங்கும்.

இறுதியாக, இந்நூலைக் கற்றுப் பயணப்படுவோருக்கு. மலை ரயிலின் முன்பதிவு இருக்கைகள் திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். அந்தப் பாதையில் விரைவாக நடப்பது அது ஒன்றே. கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். இரண்டாம், மூன்றாம் வகுப்புக்கு அன்றைக்கே நிலையத்தில் ரிக்கெட் வாங்கலாம். இருக்கைக்கு உறுதி இல்லை, வண்டிக்குள் இடம் உண்டு. வாசலில் நிற்பவர்கள் ஒரு கையால் கம்பியைப் பிடித்தே நில்லுங்கள். படத்துக்காக வெளியே சாய்ந்து விழுந்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். சுரங்கம் வரும்போது தலையை உள்ளே எடுத்துவிடுங்கள்.