கூட்டத்தில் ஒரு காது

ஒருவர் நன்றாகப் பாடுகிறாரா என்று சொல்லும் உரிமை ஒரு காலத்தில் தெருவுக்கு இருந்தது. உங்கள் ஊரிலும் இருந்திருக்கும். எங்கள் நெல்லைப் பக்கம் கோயில் கொடையில் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் முடிந்து, நிறைவு நாளுக்கு 'மாபெரும் இன்னிசை விருந்து' என்று சுவரொட்டி ஒட்டிவிட்டால் போதும், அன்று பொழுது சாயும் முன்பே வீட்டுப் பாயையும் சாக்கையும் கொண்டுபோய் மேடைக்கு முன்னால் விரித்து இடம் பிடித்து, வேனிலிருந்து டிரம்ஸும் கீபோர்டும் ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, 'ஹலோ, மைக் டெஸ்டிங்' என்பதையே முதல் பாட்டாக எண்ணி மகிழ்ந்து உட்கார்ந்திருப்போம்.

பிள்ளையார் பாட்டோடு கச்சேரி தொடங்கும். டி.எம்.எஸ். குரலுக்கு ஒருவர், எஸ்.பி.பி. குரலுக்கு ஒருவர், சுசீலாவுக்கும் ஜானகிக்கும் சேர்த்து ஒரே ஒரு அக்கா என்று குழு சிறியதாகத்தான் இருக்கும். எதிரில் இருந்த கூட்டம் லேசுப்பட்டதல்ல. பின்வரிசையில் குந்தியிருக்கும் தாத்தாவுக்கு, இரண்டாம் சரணத்தில் டி.எம்.எஸ். எங்கே மூச்செடுப்பார் என்பது வரை தெரியும். அந்த இடம் சரியாக விழுந்தால் தலை ஆடும், விழாவிட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்கு நடந்துவிடுவார். அதுதான் மதிப்பெண். பிடித்துப்போனால் இருட்டுக்குள்ளிருந்து 'ஒன்ஸ் மோர்' என்று ஒரு குரல் கிளம்பும். விருப்பப் பாடலை எழுதிய துண்டுச் சீட்டு கை மாறிக் கை மாறி மேடைக்குப் போகும். பாடுகிறவர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் சிரிப்பார். யார் எழுதியது என்று அவருக்குத் தெரியாது. எழுதிய பையனுக்கு அந்தச் சிரிப்பு இரண்டு நாளைக்குப் போதும்.

அப்போது பாட்டு கிடைப்பதே அரிது என்பதால், கிடைத்ததைக் காது விடாமல் பிடித்துவைத்துக்கொண்டது. சினிமாக் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம், கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி மீதியை வெள்ளித்திரையில் பார்க்கச் சொல்லும். பாடல்களை மட்டும் முழுதாகத் தரும். புத்தகம் கிடைக்காத பாட்டை இலங்கை வானொலியில் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதுவேன். தவறிப்போன சொல்லுக்கு இடம் விட்டுவைத்து, அடுத்த முறை அது ஒலிபரப்பாகும் நாளுக்காகக் காத்திருந்து, அந்தச் சொல் காதில் விழுந்ததும் ஓடிப்போய் நிரப்பியபோது பையனாக நான் அடைந்த மகிழ்ச்சி இப்போதும் எனக்குப் புன்னகை வரவழைக்கிறது; இன்றைக்கு எந்தப் பாட்டின் வரியும் விரல் தட்டினால் வந்து நிற்கிறது, காத்திருக்க ஒன்றுமில்லை. அதே வானொலியில் பி.எச். அப்துல் ஹமீது நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' வந்தால், அவர் ஓர் எழுத்தைக் கொடுத்ததும் போட்டியாளருக்கு முன்பே எங்கள் அடுக்களையும் திண்ணையும் பாட்டைத் தேட ஆரம்பித்துவிடும். பின்னாளில் அதே நிகழ்ச்சியை அவர் சன் டி.வி.யில் நடத்தியபோது, இத்தனை வருஷம் குரலாக மட்டும் இருந்தவருக்கு ஒரு முகம் இருக்கிறது என்று வீடே கூடிப் பார்த்தது.

ஆனால் நன்றாகப் பாடுகிற பிள்ளைக்கு அடுத்த படி எது என்பது எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. அகில இந்திய வானொலியில் குரல் தேர்வு இருந்தது. அங்கே பாடுகிறவரின் முகமும் பெயரும் தெரியாமல் குரலை மட்டும் கேட்டுத் தரம் சொல்வார்கள். சினிமாவுக்குப் போக வேண்டுமானால் சென்னைக்குப் போக வேண்டும், போனால் யாராவது கேட்க வேண்டும். 1964இல் சென்னையில் ஒரு தெலுங்குக் கலாசார அமைப்பு நடத்திய பாட்டுப் போட்டியில் ஒரு மாணவர் முதல் பரிசு வாங்கினார். அங்கே நடுவராக இருந்த இசையமைப்பாளர் எஸ்.பி. கோதண்டபாணி அந்தக் குரலைக் குறித்துவைத்துக்கொண்டு, 1966இல் ஒரு தெலுங்குப் படத்தில் பாட வைத்தார். எஸ்.பி. பாலசுப்பிரமணியம் நமக்குக் கிடைத்தது அப்படித்தான். ஒரு போட்டியும் உண்மையாகக் கேட்கிற ஒரு காதும் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம். பின்னாளில் அவரே 'பாடுதா தீயகா' என்ற தெலுங்கு நிகழ்ச்சியை நடத்தி, இளம் பாடகர்களுக்குப் பக்கத்தில் நின்று திருத்திக் கொடுத்ததும் அந்தக் கடனை அறிந்துதான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

தொலைக்காட்சி வந்து எல்லாக் கதவையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டது. ஏ.வி. ரமணன் சன் டி.வி.யில் நடத்திய 'சப்தஸ்வரங்கள்', 2006இல் விஜய் டி.வி. தொடங்கிய 'சூப்பர் சிங்கர்', அதன் சிறுவர் பதிப்பு என்று வரிசையாக வந்தன. 2018இல் புதுக்கோட்டைச் சீமையிலிருந்து வந்த நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் 'சூப்பர் சிங்கர்' பட்டம் வென்ற இரவில், எங்கள் கொடை மேடைகளில் பாடித் தொண்டை காய்ந்த எத்தனையோ அண்ணன்மாரை நினைத்துக்கொண்டேன். அவர்கள் சற்று முன்னால் பிறந்துவிட்டார்கள்.

அப்படியொரு போட்டிக்கு மதுரையில் ஒரு கல்லூரியில் தேர்வு நடந்தபோது, உறவுக்காரப் பெண்ணுக்குத் துணையாகப் போய் நானும் கூட்டத்தில் உட்கார்ந்தேன். விடியுமுன்பே கேட்டைத் தாண்டிச் சாலை வரைக்கும் வரிசை. சட்டையில் எண் குத்திய பிள்ளைகள், பிளாஸ்கில் வெந்நீர், காகிதப் பொட்டலத்தில் பனங்கற்கண்டும் மிளகும், காதில் மாட்டிய கருவியில் கரோக்கே, கைபேசியில் தம்பூரா. ஒரு மூலையில் திருவாரூர்ப் பக்கத்துப் பையன் இளையராஜா பாட்டொன்றைத் தாழ்ந்த குரலில் பாட, இரண்டு ஆள் தள்ளி நின்ற, அவனை முன்பின் அறியாத ஒரு பெண் அனுபல்லவியில் சேர்ந்துகொண்டாள். யாரோ பையைத் தாளமாகத் தட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் வராந்தாவே பாடியது. அந்த நேரம் பார்த்து ஓர் அம்மா என்னிடம், "அண்ணாச்சி, இந்தப் பைய செத்த பாத்துக்கிடுதியளா? பிள்ளைக்கு நம்பர் கூப்பிடுதாவ" என்று சொல்லிவிட்டு ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் அந்தப் பிள்ளைக்காக நானும் வேண்டிக்கொள்ள ஆரம்பித்திருந்தேன்.

நாம் வீட்டில் பார்க்கிற புகழ்பெற்ற நடுவர்கள் இருக்கும் அறைக்கு முன்னால், கேமரா இல்லாத அறைகள் உண்டு. பெரும்பாலான பிள்ளைகள் அங்கேயே நாலு வரி பாடிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு நிமிஷத்துக்காகப் பல மாதம் பழகியவர்கள் அவர்கள்.

அரங்கத்துக்குள் பார்வையாளர்களாகிய எங்களுக்கும் ஒரு பயிற்சி இருந்தது. பொடிக்கட்டம் போட்ட சட்டைக்காரர்களைப் பின்னால் அனுப்பி, பளிச்சென்ற நிறங்களை முன்னால் அமர்த்தினார்கள். பாட்டு ஒன்றுமே இல்லாதபோது, தளத்தை நடத்துகிற இளைஞர் கையை உயர்த்த, நாங்கள் கைதட்டினோம். பிறகு எழுந்து நின்று தட்டினோம். பிறகு வியப்பைக் காட்டினோம். அவ்வளவும் பதிவாகி, எங்கே தேவையோ அங்கே பொருந்தும். அந்த இளைஞர் காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தார், எல்லோரிடமும் அன்பாகப் பேசினார். நேரத்துக்குள் நிகழ்ச்சியை முடிக்க வேண்டிய பொறுப்பு அவருக்கு. ஆனாலும் கேட்பதற்கு முன்பே ரசித்து முடித்த அந்தக் கைதட்டல் எனக்கு வருத்தம் தந்தது. அந்தத் தாத்தாவுக்கு வாய்த்த சுதந்திரம், பிடிக்காதபோது எழுந்து நடக்கிற சுதந்திரம், எங்களில் ஒருவருக்கும் இல்லை.

இதையெல்லாம் சொல்வதால் பழைய காலமே பொற்காலம் என்று நான் வாதாட வரவில்லை. அந்தக் காலத்துத் தெருவுக்கு நல்ல காது இருந்தது, ஆனால் நல்ல குரலை ஊர் எல்லைக்கு அப்பால் கொண்டுசேர்க்கக் கையில் வழி இல்லை. இன்று வழி இருக்கிறது. ஒரு பிள்ளை பாடினால் கனடாவிலும் சிங்கப்பூரிலும் கேட்கிறார்கள். காதுதான் வேறு யாரிடமோ ஒப்படைக்கப்பட்டுவிட்டது. சுருதி, பிட்ச், சங்கதி, ஃபீல் என்று நடுவர்கள் அழகாகப் பிரித்துச் சொல்லும்போது நாம் கற்றுக்கொள்கிறோம். கூடவே, அவர்கள் வாய் திறக்கும் வரை நமக்குப் பிடித்ததா என்று சொல்லத் தயங்கவும் பழகிவிட்டோம்.

ஆகவே இப்படியொரு தேர்வுக்கு அழைப்பு வந்தால் கட்டாயம் போங்கள். தட்டச் சொல்லும்போது தட்டுங்கள், அது அவர்கள் தொழிலின் தேவை. அதற்குப் பிறகு வராந்தாவுக்கு வாருங்கள். எண்ணைக் கழற்றிக்கொண்டு பேருந்துக்குக் கிளம்புகிற ஒரு பிள்ளையை நிறுத்தி, பாடியதில் உங்களுக்குப் பிடித்த இடம் எது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். அது கேட்டவர்கள் செய்ய வேண்டிய வேலை. எந்த நடுவரும் அதை நமக்காகச் செய்து முடிக்க முடியாது.