தலையை மட்டும் எண்ணுங்கள்

(இந்த வாரம்: மைக்ரோஸ்கோப்பும் செல் கணக்கும்)

? மனித மூளையில் இத்தனை நியூரான் என்கிறார்களே, யார் உட்கார்ந்து எண்ணினார்கள்?
– வாசகர், கோயம்புத்தூர்

ஒன்றுவிடாமல் எண்ண ஆயுள் போதாது. மாதிரி எடுத்துப் பெருக்கினார்கள். டென்மார்க்கில் பென்டே பாக்கன்பெர்க்கும் ஹான்ஸ் யோர்கன் குண்டர்சனும் 94 மூளைகளை ஆராய்ந்து 1997இல் சொன்ன கணக்கு: நியோகார்டெக்ஸ் என்கிற மேலடுக்கில் மட்டும் பெண்களுக்குச் சராசரி 1,900 கோடி, ஆண்களுக்கு 2,300 கோடி. (ஆண்கள் காலரைத் தூக்கிவிட வேண்டாம். எண்ணிக்கையைப் பார்த்துப் புத்திக்கு மார்க் போட முடியாது.) 2009இல் பிரேசில் குழு ஒன்று வேறு வழியில் போனது. பாடத்தைக் கரைத்துக் குடித்தவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர்கள் மூளையையே கரைத்தார்கள். குடிக்கவில்லை, கரைசலில் மிதந்த நியூக்ளியஸ்களை எண்ணினார்கள். முழு மூளைக்கும் வந்த விடை சுமார் 8,600 கோடி.

? ஸ்லைடில் தெரிகிற செல்களை எண்ணிப் பெருக்கினால் முடிந்ததே, சீவல்களிலிருந்து முழு உருவைக் கணக்கிடும் ஸ்டீரியாலஜி எதற்கு சார்?
– எம்.எஸ்சி. மாணவி, திருச்சி

சாம்பாரில் கிடக்கும் துண்டுகளை எண்ணி, இத்தனை முருங்கைக்காய் என்று சொல்வீர்களா? நீளக் காய் எட்டுத் துண்டாகும், குட்டைக் காய் மூன்றோடு முடிந்துவிடும். ஸ்லைடில் தெரிவதும் துண்டுதான், திசுவிலிருந்து மெல்லியதாகச் சீவி எடுத்தது. பெரிய செல் பல சீவல்களில் முகம் காட்டும். அதாவது கள்ள ஓட்டுப் போடும். நோயில் செல் வீங்கினால், ஒன்றுகூடப் புதிதாகப் பிறக்காமலே எண்ணிக்கை கூடும். சுருங்கினால், உயிரோடிருப்பதைச் செத்ததாக எழுதிவிடுவோம். 1946இல் ஏபர்கிராம்பி என்ற ஆய்வாளர் ஒரு திருத்தச் சூத்திரம் கொடுத்தார். அதற்குச் செல்லின் சராசரி உயரம் தெரிய வேண்டும். அது தப்பினால் திருத்தமும் தப்பு.

? அப்படியானால் தப்பாத வழி?
– அதே மாணவி

காம்பை மட்டும் எண்ணுவது. ஒரு காய்க்கு ஒரு காம்புதான். 1984இல் வந்த இந்த முறைக்கு டைசெக்டர் என்று பெயர். பிறகு வந்த வசதியான வடிவத்தில், கனமான சீவலை ஆயில் இம்மர்ஷன் லென்ஸின் கீழே வைத்து, ஃபைன் ஃபோகஸ் திருகை மெல்லத் திருப்பிக்கொண்டே இறங்குகிறீர்கள். மங்கலாகக் கிடந்த நியூக்ளியஸின் ஓரம் கூர்மையாகிற நொடியில் ஒரு டிக். முதல் தளத்திலேயே தெளிவாகத் தெரிந்ததற்கு டிக் கிடையாது. பெரிசோ சிறிசோ, கோணலோ நேரோ, தலைக்கு ஒன்று.

முறையை அறிவித்த கட்டுரையில் ஆசிரியர் பெயர் டி.சி.ஸ்டீரியோ. அப்படி ஒருவர் இல்லை. டைசெக்டரின் ஆங்கில எழுத்துகளைக் குலுக்கிப் போட்ட புனைபெயர். எழுதியவர் குண்டர்சன் என்பது துறையில் ஊரறிந்த ரகசியம்.

? எண்ணுவதற்காக ஸ்லைடின் படத்தின்மேல் போடும் கட்டத்தின் கோட்டின்மேல் உட்கார்ந்திருக்கும் செல் உள்ளேயா, வெளியேயா?
– லேப் டெக்னீஷியன், வேலூர்

இடமும் கீழும் சிவப்புக் கோடு: தொட்டாலே வெளியே. வலமும் மேலும் பச்சை: தொட்டாலும் உள்ளே. 1977இல் குண்டர்சன் வகுத்த விதி. சிவப்புக் கோடு இடது மூலையிலிருந்து மேலேயும் வலது மூலையிலிருந்து கீழேயும் நீண்டுகொண்டே போகும். அதை மறந்தால் ஒரே செல் இரண்டு கட்டத்தில் பேர் கொடுத்துவிடும்.

? நன்றாகச் சாயம் ஏறின இடமாகப் பார்த்து எண்ணலாமா?
– பெயர் வேண்டாம்

தாராளமாக. ஆய்வேட்டின் தலைப்பை மட்டும் ‘எனக்குப் பிடித்த செல்கள்’ என்று மாற்றிவிடுங்கள்.

? கைடு ஆயிரம் செல் எண்ணச் சொல்கிறார். கண் போய்விடும்!
– ஆய்வு மாணவர், சென்னை

ஓர் எலிக்கு நூறு, இருநூறு பெரும்பாலும் போதும், எடுத்த விதம் சரியாக இருந்தால். பத்துச் சீவலுக்கு ஒன்று. முதல் சீவல் எது என்பது குலுக்கலில். அதில் பரப்பில் ஐம்பதில் ஒன்று, கனத்தில் பாதி. ஆக ஆயிரத்தில் ஒரு பங்கு. 150 எண்ணினால் விடை 1,50,000. இதுதான் ஃபிராக்ஷனேட்டர். மிச்ச நேரத்தில் இன்னும் இரண்டு எலிகளை எண்ணுங்கள். எலிக்கு எலி உள்ள வித்தியாசம் பெரும்பாலும் உங்கள் எண்ணும் பிழையைவிடப் பெரிது.

? வயதானால் தினமும் லட்சக்கணக்கில் நியூரான் சாகுமாமே? பயமாக இருக்கிறது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

முன்பு சொன்ன டேனிஷ் கணக்குப்படி 20 வயதுக்கும் 90 வயதுக்கும் இடையில் நியோகார்டெக்ஸில் குறைவது சுமார் 10 சதவீதம். நாள் கணக்கில் வகுத்தால் ஏறக்குறைய 80,000, லட்சம்கூட இல்லை. தொண்ணூறிலும் பத்தில் ஒன்பது பங்கு கையிருப்பு. தாராளமாகச் செலவழியுங்கள் ஐயா.

? இதையெல்லாம் கம்ப்யூட்டரே எண்ணித் தராதா?
– வாசகர், மதுரை

தரும். துண்டை எண்ணச் சொன்னால் துண்டைத்தான் எண்ணும். ஒரு வாரம் உழைத்துச் செய்த தப்பை ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாம்.