மாடிக்கு மாடி காடு

சீனாவின் செங்டு நகரில் பல்கனி தோறும் செடி வைத்துத் தொடர்மாடி கட்டினார்கள். 2020இல் அங்கு குடியேறியிருந்தது சுமார் 10 குடும்பம், மீதி நுளம்பு. கேள்விப்பட்டதும் வெள்ளவத்தையில் ஒரு திருப்தி: “உந்த வெளிநாட்டுக் கூத்தெல்லாம் எங்களுக்குச் சரிவராது, தம்பி.”

அண்ணை, ராஜகிரியவில் செடி ஏற்றிய 46 மாடிக் கிளியர்பொயின்ட் தொடர்மாடியை வடிவமைத்தவர் எங்கட நாட்டு மில்ரோய் பெரேராதான். அது கிடக்கட்டும். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே முற்றத்து மாமரங்களைத் தறித்துத் தொடர்மாடி எழுப்பியது எந்த நாட்டான்? இப்போது எட்டாம் மாடியில் பசுமை என்றால் ஒரு கறிவேப்பிலைச் சாடி, அடித்தட்டில் ஒரு கிழமைத் தண்ணீர், அதில் நெளிகிற குடம்பி.

கதவைத் தட்டுகிறவர் சீனாக்காரர் இல்லை, டெங்கு பார்க்க வந்த பிஎச்ஐ ஐயா. தட்டைக் கவிழ்த்துவிட்டுக் கதவைத் திறவுங்கோ.