நரை மறைப்பு இயல்: இரும்புச் சட்டியை முன்வைத்து ஓர் ஆய்வு

தலைமுடிக்குச் சாயம் பூசுவதன் நோக்கம் ஒன்றுதான். நரை இருப்பது பிறருக்குத் தெரியக் கூடாது. இதற்கு மனிதகுலம் கண்ட வழிகளிலேயே மிகப் பகிரங்கமானது மூலிகைச் சாயம். முதல் நாள் இரவே வீடு முழுக்க மருதாணி வாசனை. மறுநாள் காலை தலையில் பச்சைச் சேறு, அதன்மேல் பிளாஸ்டிக் உறை, தோளில் யாரும் உரிமை கொண்டாடாத பழைய துண்டு. அந்த நேரம் பார்த்துத்தான் கேஸ் சிலிண்டர் வந்து சேரும்.

"என்னங்க, சிலிண்டர் வந்திருக்கு. போய்க் கையெழுத்துப் போடுங்க."

"இந்தத் தலையோடயா? நீயே போ."

"என் தலையும் அப்படித்தானே இருக்கு!"

ஒரு ரகசியத்தைக் காப்பதற்காக அதைத் தெருவுக்கே அறிவிக்கும் இந்த வழக்கம் எப்படி ஏற்பட்டது, ஏன் நீடிக்கிறது என்ற கேள்வியை அறிவுலகம் தீண்டாமலே விட்டிருக்கிறது. அந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வு என்றால் முன்னோர் சொன்னதிலிருந்து தொடங்குவது மரபு. நரை குறித்த தமிழ்ச் சான்றுகளில் தலையாயவர் பிசிராந்தையார். இத்தனை வயதாகியும் உமக்கு நரைக்கவில்லையே, எப்படி என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன விடை புறநானூற்றில் 191ஆம் பாடலாக இருக்கிறது. நல்ல மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், தவறு செய்யாத அரசன், ஊரில் அடக்கமுள்ள சான்றோர் என்று காரணங்களை அடுக்குகிறார். பட்டியலை எத்தனை முறை புரட்டினாலும் அவுரி இல்லை, மருதாணி இல்லை, கரிசலாங்கண்ணி இல்லை. இரண்டு முடிவுகளுக்கு இடமுண்டு. ஒன்று, அவருக்கு உண்மையிலேயே நரைக்கவில்லை. மற்றது, கேட்டவர்களிடம் பதில் சொல்லியே அவர் தப்பித்துக்கொண்டார். இரண்டாவது முடிவுக்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் இன்றும் கல்யாண வீடுகளில் இந்தக் கேள்வியைச் சந்திக்கிறவர்கள் மனநிம்மதியைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள் என்பதைப் புறக்கணிக்க முடியாது.

அரசர்களுக்கு நரை வேறு வகையில் வேலை செய்தது. புத்த ஜாதகக் கதையில் வரும் மகாதேவன் என்ற மன்னன், தலையில் முதல் நரையைக் கண்டதும் சொல்ல வேண்டும் என்று நாவிதருக்குக் கட்டளையிட்டிருந்தான். நாவிதர் ஒரு நாள் கண்டார், சொன்னார், தங்க முள்வாங்கியால் பிடுங்கி மன்னன் கையில் வைத்தார். மன்னனுக்கு இன்னும் 84,000 ஆண்டு ஆயுள் பாக்கி. இருந்தும் நாவிதருக்கு ஒரு கிராமத்தைக் கொடுத்துவிட்டுத் துறவியாகிப் போனான். இந்தக் காட்சி பார்ஹுத் தூபியின் சிற்பங்களில் ஒன்றாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. கம்பனின் தசரதனுக்கும் காதோரத்து ஒற்றை நரைதான் மகனுக்கு முடிசூட்டும் எண்ணத்தைக் கொடுத்தது. அன்று அயோத்தியில் யாராவது ஒரு பிடி அவுரிப்பொடி வைத்திருந்தால் ராமாயணம் பாலகாண்டத்தோடு முடிந்திருக்கும்.

எதிர்த்திசையில் பயணித்தவன் கரிகாலன் ஒருவனே. வழக்குரைக்க வந்த முதியவர் இருவர், இந்தச் சிறுவன் என்ன தீர்ப்புச் சொல்லப் போகிறான் என்று தயங்கினார்கள். அவன் நரைமுடி வைத்து முதியவர் வேடத்தில் வந்து தீர்ப்புச் சொன்னான். பழமொழி நானூறு இதைக் குறித்து வைத்திருக்கிறது. அதன் பிறகு தமிழகத்தில் நரைக்கு மரியாதை கிடைக்க 2011ஆம் ஆண்டு 'மங்காத்தா' படம் வெளியாகும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதில் நடிகர் அஜித் நரைத்த தலையோடு வந்த பிறகு, சோம்பலால் சாயம் பூசாதவர்கள் அனைவரும் ஒரே வாரத்தில் 'சால்ட் அண்ட் பெப்பர்' கொள்கைக்காரர்கள் ஆனார்கள்.

செய்முறை நூல்களுக்கு வருவோம். ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் வானியலில் பெரும்புள்ளி. அவருடைய பிருகத் சம்ஹிதை கோள்களையும் மழையையும் கட்டடங்களையும் ஆராய்ந்துவிட்டு, வாசனைப் பொருள்கள் பற்றிய அத்தியாயத்தை முடிச்சாயத்தில் தொடங்குகிறது. மாலை, சந்தனம், ஆடை, அணிகலன் எதுவும் நரைத்த தலைக்காரருக்கு எடுபடாது என்பது அவருடைய முதல் கருத்து. பிறகு செய்முறை. வரகரிசியைக் காடியில் போட்டு, இரும்புத் தூளோடு இரும்புப் பாத்திரத்தில் வேகவைக்க வேண்டும். நன்றாக அரைத்து, காடியால் புளிப்பேற்றிய தலையில் அப்பி, ஈர இலைகளால் மூடி ஆறு மணி நேரம் இருக்க வேண்டும். கழுவிவிட்டு நெல்லிக்காய் விழுதை அப்பி, மறுபடி இலை மூடி இன்னொரு ஆறு மணி நேரம். ஆகப் பன்னிரண்டு மணி நேரம். கடைசியில் இரும்பு நாற்றமும் காடி நாற்றமும் போக வாசனைத் திரவியங்களால் தலை முழுக வேண்டும் என்கிறார். 1,500 ஆண்டுகளுக்கு முன்பே நாற்றம்தான் இந்தக் கலையின் காட்டிக்கொடுப்பான் என்பதை வராகமிகிரரின் உஜ்ஜயினி அறிந்திருந்தது. இலைக்குப் பதில் பிளாஸ்டிக் உறை வந்ததைத் தவிர நாம் வெகுதூரம் வந்துவிடவில்லை.

இந்தச் செய்முறையைக் கேலி செய்கிறவர்கள் வேதியியல் தெரியாதவர்கள். நெல்லிக்காயில், கடுக்காயில், தேயிலையில் துவர்ப்புப் பொருள்கள் உண்டு. புளிப்பு இரும்பைக் கரைக்கும். கரைந்த இரும்பும் துவர்ப்பும் சந்தித்தால் கருமை பிறக்கும். ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் எழுதப் பயன்பட்ட மை இதே வேதிவினையில் உருவானதுதான். காளஹஸ்தியில் கலம்காரி வரைகிறவர்கள் துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு நீரில் புளிக்க வைக்கிறார்கள். கடுக்காயில் ஊறிய துணியில் அந்த நீரைத் தொட்டு எழுதினால் கோடு கறுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை தேயிலை டிகாக்ஷனை இரும்புச் சட்டியில் ஊற்றி வைக்கும் குடும்பத்தலைவி, தமக்குத் தெரியாமலே, வராகமிகிரர், கலம்காரிக் கலைஞர், ஐரோப்பிய எழுத்தர் மூவருக்கும் வாரிசு.

ஆனால் இரும்புச் சட்டிக்கு ஒரு சட்டச் சிக்கல் உண்டு. ஒருமுறை தலைக்குப் போன சட்டி அடுப்புக்குத் திரும்ப முடியாது. "அந்தச் சட்டியில இனிமே யாரு தாளிப்பா?" என்று மாமியார் கேட்டுவிட்டால் அது தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது. அன்றிலிருந்து அது குளியலறை ஓரத்தில், பழைய பல்தேய்ப்பான் ஒன்றோடு தனிக்குடித்தனம் நடத்தும்.

சட்டிக்குள் என்னென்ன போகிறது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. தேயிலை எல்லோருக்கும் சம்மதம். எலுமிச்சைச் சாறு விடுகிறவர்கள் உண்டு, தயிர் விடுகிறவர்கள் உண்டு. இரண்டு கட்சிக்கும் அறிவியல் ஆதரவு இருக்கிறது, ஏனென்றால் லேசான புளிப்பு மருதாணியின் சாயத்தை வீணாகாமல் காக்கிறது. பீட்ரூட் சேர்க்கிறவர்கள் நிலைதான் பரிதாபம். அதன் சிவப்பு முடியைப் பற்றிக்கொள்ளாது, முதல் குளியலில் வடிந்துவிடும். குளியலறைத் தரைக்கு மட்டுமே லாபம். முட்டை எந்த நிறமும் தராது. அதன் பங்களிப்பு முழுக்க முழுக்க வாசனைத் துறையைச் சேர்ந்தது. கரிசலாங்கண்ணியை எண்ணெயில் காய்ச்சித் தடவுகிறவர்கள் நிறத்தை விட நம்பிக்கையையே அதிகம் தடவுகிறார்கள். அது மரியாதைக்குரிய பழக்கம், ஆனால் வெளுத்த முடியை ஒரு காலையில் கறுப்பாக்காது.

இனி இத்துறையின் இரு தூண்கள்: மருதாணியும் அவுரியும். இவற்றின் குணங்கள் நேரெதிர்.

மருதாணி நிதானி. அதன் இலையில் உள்ள சாயப்பொருளுக்கு லாசோன் என்று பெயர். பொடியைப் புளிப்பு நீரில் குழைத்துப் பல மணி நேரம் விட்டால்தான் அது வெளியே வரும். வந்துவிட்டால் முடியின் கெரட்டின் புரதத்தோடு பிணைந்துகொள்ளும், பிறகு கழுவிப் போகாது. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். அந்த வேகத்தில் வளர்ந்து வெட்டுப்பட்டால்தான் அது விடைபெறும். குறை ஒன்றே ஒன்று: அதன் நிறம் கறுப்பல்ல. கறுப்பு முடியில் மினுமினுப்பாக அடங்கிவிடும் அதே சாயம், வெள்ளை முடியில் ஆரஞ்சாகக் கூவும். எத்தனை நரை இருந்தது என்று அதுவரை எண்ணிப் பார்க்காதவர்களும் இப்போது எண்ணலாம். மறைக்க வந்தது அடிக்கோடிட்டுப் போகும் இந்த நிலைக்குத் தமிழ்நாட்டுத் தெருக்களில் வழங்கும் பெயர் செம்பட்டை.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மருதாணியைத் தலைமுடிக்குச் சாயமாக அனுமதிக்கிறது, தோலில் இடுவதற்கு அனுமதிக்கவில்லை. ஆடி மாதத்தில் நம் ஊர்ப் பெண்களின் கைகளை அந்த அதிகாரிகள் பார்க்காமல் இருப்பதே இருநாட்டு உறவுக்கு நல்லது.

அவுரி அவசரக்காரி. அதன் இலையில் நீலம் நீலமாக இல்லை, நிறமற்ற இண்டிகன் என்ற பொருளாக ஒளிந்திருக்கிறது. நீர் பட்டதும் இலையின் நொதி அதைப் பிரிக்கிறது. பிரிந்தது காற்றோடு சேர்ந்து கரையாத நீலமாக இறுகுகிறது. இந்த இறுக்கம் முடிக்குள் நடந்தால்தான் சாயம். கிண்ணத்திலேயே நடந்துவிட்டால் வெறும் நீலச் சேறு. அதனால் வெதுவெதுப்பான நீரில் குழைத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தலைக்கு ஏற்றிவிட வேண்டும். முதல் நாள் இரவே மருதாணியை ஊறவைத்த அனுபவத்தில் அவுரியையும் ஊறவைக்கிறவர்கள் மறுநாள் காலை கிண்ணத்துக்கு அழகாகச் சாயம் ஏற்றியிருப்பதைக் காண்பார்கள்.

நரைத்த முடியில் அவுரியை மட்டும் பூசினால் நீலமோ பச்சையோ தெரியும். ஆகவே முதலில் மருதாணி, அலசிய பிறகு அவுரி. ஆரஞ்சின் மேல் நீலம் ஏறினால் கறுப்புக்கு மிக நெருங்கிய ஒன்று கிடைக்கும். அதுவும் உடனே கிடைக்காது. அலசியவுடன் பச்சை தெரியும். ஒன்றிரண்டு நாள் காற்றுப் பட்டால்தான் கறுக்கும், அதுவரை ஷாம்பு கூடாது. சனிக்கிழமை இரவு தொடங்கிய மறைப்பு வேலை செவ்வாய்க்கிழமைதான் முழுமை பெறும். இடையில் வரும் திங்கட்கிழமை அலுவலகம் என்ற ஒன்று இருப்பதைத் தாவரங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த அவசரக்காரிக்குப் பெரிய வரலாறு உண்டு. 1859இல் வங்காள விவசாயிகள் இவளைப் பயிரிட மாட்டோம் என்று கிளர்ந்தார்கள். 1917இல் காந்தி சம்பாரண் போனதும் இவள் பொருட்டே. இடையில் 1897இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவர, இயற்கை நீலத்தின் வாணிபம் சரிந்தது. துணியை இழந்த செடி இப்போது தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் விளைகிறது.

வேதிச்சாயத்தின் வரலாறும் சுவையானதே. 1907இல் செயற்கை முடிச்சாயம் ஒன்றைத் தயாரித்த யூஜின் ஷுவெல்லர், 1909இல் பாரிசில் தொடங்கிய நிறுவனத்துக்கு வைத்த பெயரின் பொருள், தீங்கற்ற முடிச்சாயங்களின் பிரெஞ்சுக் கழகம். பின்னாளில் அது லோரியால் ஆனது. தீங்கற்றது என்று பெயர்ப்பலகையிலேயே எழுத வேண்டியிருந்தது என்றால், அந்தச் சந்தேகம் தொழில் பிறந்த நாளிலேயே கூடப் பிறந்தது என்று கொள்ளலாம்.

இங்கே ஆய்வு சற்று நேரம் சிரிப்பை நிறுத்துகிறது. கடைகளில் மூலிகைப் படம் போட்ட பாக்கெட்டுகளில் 'கறுப்பு மருதாணி' கிடைக்கிறது. அரை மணியில் தலையைக் கருகருவென்று ஆக்கும் மருதாணி எதுவும் தாவரவியலுக்குத் தெரியாது. அப்படி ஆக்குவது பெரும்பாலும் பாரா-ஃபினைலீன்டையமின் என்ற வேதிப்பொருள். சிலருக்கு அது கடுமையான ஒவ்வாமை தரும், நெற்றியும் கண் இமையும் வீங்கும். அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம் 2006இல் இதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. பாக்கெட்டின் முன்பக்கத்தில் செம்பருத்தி எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு சிறிய எழுத்தில் பின்பக்கத்தில் அந்தப் பெயர் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டும். எதைத் தடவுவதாக இருந்தாலும் இரண்டு நாள் முன்னதாகக் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பார்க்க வேண்டும்.

மீண்டும் மூல வினா: ஏன் இந்தப் பகிரங்க வழி? இக்கட்டுரையின் கருதுகோள் இதுதான். வேதிச்சாயம் பூசுகிறவர் நரையை மறைப்பதாகக் குற்றம்சாட்டப்படுகிறார். மூலிகை பூசுகிறவர் மீது அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. அவர் உடம்புச் சூட்டைத் தணிக்கிறார், பொடுகைப் போக்குகிறார், பாட்டி வைத்தியத்தைக் காப்பாற்றுகிறார். நிறம் மாறுவது பக்கவிளைவு. "டை அடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டால் "சேச்சே, வெறும் மருதாணிதான்" என்ற பதில் தயாராக இருக்கிறது. இதைச் சொல்லும்போது எதிரிலிருப்பவர் மேற்கொண்டு கேட்பதில்லை. மூலிகை பூசி உட்கார்ந்திருப்பவர்களுக்கு வரும் தும்மலை மட்டும் இந்தக் கருதுகோளால் விளக்க முடியவில்லை. மூன்று மணி நேரம் ஈரத்தோடு இருந்தால் சளி பிடிக்கும் என்று இரண்டு சொட்டு நீலகிரித் தைலம் கலக்கிறார்கள், அப்படியும் தும்முகிறார்கள்.

ஆய்வின் எல்லைக்கு வெளியே நிற்பது மீசை. அங்கே மருதாணியும் அவுரியும் வேலை செய்யும், முடி அதே கெரட்டின்தான். ஆனால் இரண்டையும் முறைப்படி பூசி முடிக்கும் வரை பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, காபி குடிக்கக் கூடாது. முதல் இரண்டையும் பொறுத்துக்கொள்ளும் தமிழ் ஆண், பில்டர் காபி மணத்ததும் எழுந்து போய் முகம் கழுவிவிடுகிறார். தலை மட்டும் நாற்பதிலும் மீசை அறுபதிலும் நிற்கும் முகங்களைப் பேருந்து நிலையங்களில் எவரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.