ஊறல்

பள்ளிக்கூடத்தில் ஹைட்ரில்லாவைப் புனலுக்குள் அடைத்து, வெயிலில் வைத்து, குமிழி எண்ணி ஒளிச்சேர்க்கையை நிரூபித்தவர்களில் நானும் ஒருவன். தண்ணீருக்குள் செடி வளர்ப்பது சுலபம் என்ற மூடநம்பிக்கை அன்றைக்குத்தான் எனக்குள் புகுந்திருக்க வேண்டும்.

அது முற்றியது கொளத்தூர் கலர் மீன் கடைகளில். அமேசான் ஸ்வார்ட் என்றார் கடைக்காரர். உள்ளங்கை உயரத்தில் பச்சைப்பசேலென்று விறைப்பாக நின்றது. "நல்லா வந்தா ஒன்றரை அடி போகும் சார்." 150 ரூபாய் கொடுத்து வாங்கி வந்து இரண்டடித் தொட்டியில் நட்டேன்.

பத்தே நாளில் இலைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியாகிக் கரைந்தன. குக்கரில் வைத்த கீரைகூட இப்படிக் குழையாது. போன் செய்தேன். "நர்சரியில தண்ணிக்கு வெளியதான் சார் வளர்ப்பாங்க. அந்த இலை உள்ள தாங்காது. நடுக்குருத்து இருக்கா பாருங்க, இருந்தா உசிரு இருக்கு." பிறந்த வீட்டு இலை புகுந்த வீட்டில் செல்லாது என்பதைக் காசு வாங்கும்போதே சொல்லியிருக்கலாம்.

குருத்து இருந்தது. மகளின் கோல்டு ஃபிஷ் இரண்டும் அதைப் பார்த்துவிட்டன. மறுநாள் பாதிக் குருத்துதான் இருந்தது. மீன்களை நண்பர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, எதையும் மேயாத நியான் டெட்ரா ஆறு வாங்கினேன். மகள் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

வெளிச்சம் போதவில்லை என்று நானாக முடிவு செய்து பன்னிரண்டு மணி நேரம் விளக்கெரித்தேன். சாப்பாட்டுக்கு வழி செய்யாமல் விளக்கை மட்டும் கூட்டினால் செடி சும்மா நிற்கும். பாசி பந்தியில் உட்கார்ந்துவிடும். செடி, கல், கண்ணாடி எல்லாவற்றிலும் பச்சைத் தாடி.

சரி, செடிக்குக் கரியமில வாயு கொடுப்போம் என்று இறங்கினேன். சிலிண்டருக்குக் காசில்லை. இரண்டு லிட்டர் கோலா பாட்டிலில் சர்க்கரை, வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சிட்டிகை ஈஸ்ட். மூடியில் ஓட்டை போட்டுத் தொட்டிக்கு ஒரு குழாய். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயுவை விடும். கூடவே வேறொன்றையும் தயாரிக்கும். சென்னை வெயிலில் மூன்றாம் நாளே கூடம் முழுக்க மணந்தது.

அன்றைக்குப் பார்த்து அம்மா ஊரிலிருந்து வந்தாள். வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"ஏண்டா, நடுவீட்டுலயா ஊறல் போட்டிருக்க?"

"செடிக்கும்மா."

"உங்க தாத்தாவும் மாட்டுக்குன்னுதான் சொன்னாரு."

ராத்திரியில் ஈஸ்ட்டை நிறுத்த முடியாது. செடிக்கோ இருட்டில் அந்த வாயு தேவையில்லை. விடிகாலையில் மீன்கள் ஆறும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அம்மா பாட்டிலை எடுத்துப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். போலீஸ்கூட இவ்வளவு முறையாக அழித்திருக்காது.

வேர் பிடித்திருக்கிறதா என்று ஞாயிறுதோறும் செடியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு நடுவேன். அதையும் அம்மா பிடித்துவிட்டாள். "நட்டதைப் பிடுங்கிப் பார்க்கிறவன் எந்த ஊரு சம்சாரி?" பிடுங்குவது நின்றது. விளக்கு, டைமர் தயவில், ஏழு மணி நேரமானது. ஸ்வார்ட் வேரால் தின்னும் செடி என்று படித்து, உர மாத்திரையை மணலுக்குள் விரலால் புதைத்தேன்.

"செடிக்கு மாத்திரை வாங்க ஞாபகம் இருக்கு. எனக்கு பிரஷர் மாத்திரை?"

ஆறு மாதத்தில் செடி நீர்மட்டத்தைத் தொட்டு, இடம் போதாமல் மடங்கிப் படுத்தது. பக்கத்து வீட்டம்மா வந்து பார்த்துவிட்டு, "மீன் வளர்க்கறதை விட்டுட்டீங்களா?" என்றார். நீளக் காம்பு ஒன்று விட்டு, அதில் எட்டுக் குட்டிச் செடிகளும் வந்தன. அவற்றை ஈரத்துணியில் சுற்றி அதே கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். இலைகள் விரலிடுக்கில் துவண்டு தொங்கின.

"ஒண்ணு பத்து ரூபா தரேன் சார்."

"எல்லாம் தண்ணிக்குள்ளேயே வளர்ந்ததுங்க. ஒரு இலைகூடக் கரையாது."

"தெரியும் சார். அதான் விறைப்பா நிக்கல. யார் வாங்குவாங்க?"