ஆஸ்போர்ன் படம் மாட்டிய கராஜ்

2014 டிசம்பர் முதல் வாரத்தில் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகருக்குக் குடிவந்தேன். சாமான்களை இறக்கிய மறுநாள் காலை, வாசலில் விழுந்திருந்த பனியை எந்தப் பக்கம் தள்ளினால் யார் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். தலையில் சிவப்புக் குல்லாய், கையில் சிவப்புக் காப்பிக் குவளை. கை கொடுத்தார். பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, என்ன வேலை என்றுகூடக் கேட்கவில்லை.

"ரைலி வர்றாராமே, என்ன நினைக்கறீங்க?"

ரைலி யாரென்று எனக்குத் தெரியாது. தெருவுக்கு இன்னொரு குடும்பம் வருகிறது போல என்று நினைத்துக்கொண்டு, "நல்ல மனுஷன்னுதான் சொல்றாங்க" என்றேன். தெரியாத ஆளைப் பற்றி யார் கேட்டாலும் நம்மூரில் சொல்கிற பதில்தான்.

பெரியவரின் முகம் வாடிவிட்டது. "எனக்கும் அதுதான் பயம்" என்றார்.

மைக் ரைலி, நெப்ராஸ்கா பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் புதுக் கோச். ஆரிகன் ஸ்டேட்டிலிருந்து அவரை அழைத்திருந்தார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் போ பெலினியை அனுப்பியிருந்தார்கள். பெலினி ஏழு சீசன் இருந்தார். 67 வெற்றி, 27 தோல்வி. ஒவ்வொரு வருஷமும் ஒன்பது பத்து மேட்ச் ஜெயிப்பார், வீட்டு வாடகை மாதிரி தவறாமல் நாலு தோற்பார். மைதானத்தின் ஓரத்தில் நின்று அவர் கத்துகிற கத்தலில் டிவியின் சத்தத்தைக் குறைக்க வேண்டியிருக்குமாம். ஒரு முறை பூனை ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அணியோடு மைதானத்துக்குள் வந்தார். அது கோபமில்லை, தமாஷ்தான். ஆனாலும் கோபக்காரர் என்ற பேர் பூனையால் போகுமா? கோபக்காரரை அனுப்பிவிட்டு சாதுவைக் கொண்டுவந்தார்கள். வந்த மறுநாளே, சாதுவால் ஜெயிக்க முடியுமா என்று ஊர் கவலைப்பட ஆரம்பித்துவிட்டது.

கால்பந்து என்று பேர் வைத்துவிட்டுக் கையால் ஆடுகிறார்களே என்ற ஜோக்கை நமக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் சொல்லித் தீர்த்துவிட்டதால் அதைத் தாண்டிப் போகிறேன். தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. இந்த மாநிலத்தில் பெரிய தொழில்முறைக் கால்பந்து அணி ஒன்றுகூடக் கிடையாது. இருப்பது மக்காச்சோளம், மாடு, அப்புறம் இந்தக் கல்லூரி அணி. அணியின் பேரே கார்ன்ஹஸ்கர்ஸ், அதாவது சோளக்கதிர் உரிப்பவர்கள். 1962 நவம்பரிலிருந்து மெமோரியல் ஸ்டேடியத்தில் நடக்கும் ஒவ்வொரு மேட்சுக்கும் டிக்கெட் முழுக்க விற்றுப்போகிறது. எண்பத்தைந்தாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் அந்த ஸ்டேடியம், மேட்ச் நாளில் மாநிலத்தின் மூன்றாவது பெரிய நகரம் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரிதான். அம்மா இங்கே வந்திருந்தபோது ஒரு சனிக்கிழமை, சிவப்புச் சட்டை, சிவப்புப் பாவாடை, சிவப்புக் கால்சட்டை என்று சாரிசாரியாகப் போன கூட்டத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இங்கேயும் மேல்மருவத்தூருக்கு மாலை போடறாங்களாடா?" என்று கேட்டாள். இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவரின் கராஜ்தான் இந்தக் கோயிலின் அர்த்த மண்டபம். மடக்கு நாற்காலிகள் ஐந்தாறு, ஒரு பழைய ஃபிரிட்ஜ், ஒரு கேஸ் ஹீட்டர். சுவரில் காதில் ஹெட்செட் மாட்டிய டாம் ஆஸ்போர்னின் சட்டம் போட்ட படம். ஊதுபத்தி மட்டும்தான் இல்லை. அங்கே கூடுகிற சபையில் பெரியவர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். இன்னொருவர் கணக்கு வாத்தியார், அவரும் ரிட்டயர்டு. மூன்றாமவர் விதை வியாபாரி, பெரியவரின் மைத்துனர். என்னைப் பெரியவர் 'நெய்பர்' என்றுதான் கூப்பிடுவார். என் பேரை உச்சரிக்க ஒரு முறை முயன்று, இருவர் நலனையும் கருதிக் கைவிட்டுவிட்டார். நான் அவரை 'சார்' என்பேன். ஏதோ போலீஸ்காரரிடம் பேசுவது மாதிரி இருக்கிறது என்று அவருக்கு அது பிடிக்காது.

சபையில் எந்தக் கோச்சைப் பற்றிப் பேசினாலும் பேச்சு கடைசியில் அந்தப் படத்தில்தான் போய் நிற்கும். ஆஸ்போர்ன் 1973 முதல் 1997 வரை இருபத்தைந்து சீசன். 255 வெற்றி, 49 தோல்வி, 3 டிரா. 1994, 1995, 1997 என்று மூன்று தேசியப் பட்டம். குடிக்க மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார். ஓய்வு பெற்ற பிறகு தேர்தலில் நின்று மூன்று முறை அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போனார். இப்படி ஒருவர் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் அடுத்து யார் உட்கார்ந்தாலும் கால் தரையில் எட்டாது.

உட்கார்ந்தவர் ஃபிராங்க் சோலிச். இவர் விஷயத்தில்தான் நான் சபையில் முதல் தடவை வாயைவிட்டேன். ஆறு சீசனில் 58 வெற்றி, 19 தோல்வி என்று வாத்தியார் சொன்னார். நான் மனக்கணக்காக, "எழுபத்தஞ்சு சதவீதம் வருதே! எங்க ஆபீஸ்ல இதுக்கு புரமோஷன் குடுப்பாங்க" என்றேன். ஃபிரிட்ஜின் உறுமல் கேட்கிற அளவுக்கு அமைதி. 2003இல் ஒன்பது மேட்ச் ஜெயித்து மூன்று தோற்ற கையோடு அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். "ஒன்பது பத்தாது, நெய்பர்" என்றார் பெரியவர், குழந்தைக்குச் சொல்வது போல. இது அவர் 2015இல் சொன்னது. 2021இல் அணி மூன்றே மூன்று மேட்ச் ஜெயித்தபோது அதே நாற்காலியில் உட்கார்ந்து, "சோலிச்சை அனுப்பினது மகாபாவம், அன்னிக்கே சொன்னேன்" என்றார். யாரிடம் சொன்னாரோ. சோலிச் அதற்குள் ஒஹாயோ பல்கலைக்கழகத்துக்குப் போய் பதினாறு சீசன் நிம்மதியாக இருந்துவிட்டார்.

சோலிச்சுக்கு அடுத்து வந்தவரின் பேரை கராஜில் யாரும் சொல்வதில்லை. 'அந்த நாலு வருஷம்' என்பார்கள். பில் கல்லஹன் என்று நானாகத் தேடித் தெரிந்துகொண்டேன். தொழில்முறை அணியை சூப்பர் பௌல் வரை கூட்டிப் போனவர். இங்கே வந்த முதல் வருஷமே 1961க்குப் பிறகு முதல் முறையாக வெற்றியைவிடத் தோல்வி அதிகம். சீசன் முடிவில் நன்றாக ஆடிய அணிகளுக்குக் கிடைக்கும் பௌல் மேட்சுக்கு 35 வருஷமாகத் தொடர்ந்து போய்க்கொண்டிருந்த அணி அந்த வருஷம் போகவில்லை. 2007இல் கான்சஸிடம் 76-39. எழுபத்தாறு என்ற எண்ணைக் கேட்டாலே விதை வியாபாரி எழுந்து ஃபிரிட்ஜுக்குப் போய்விடுவார்.

ரைலி மூன்று வருஷம் இருந்தார். முதல் மேட்சே கடைசி நொடியில் எறிந்த நீளப் பந்தில் பிரிகம் யங்கிடம் தோற்றது. மொத்தம் 19 வெற்றி, 19 தோல்வி. யார் மனசும் நோகக் கூடாது என்று பங்கு பிரித்துக் கொடுத்த மாதிரி. நல்ல மனுஷன்.

அடுத்து ஸ்காட் ஃபிராஸ்ட். 2017 டிசம்பரில் இவர் பேரை அறிவித்த அன்று ஊரில் கல்யாணக் களை. லிங்கனில் பிறந்தவர். 1997 பட்டம் வென்ற அணியின் குவார்ட்டர்பேக். அதாவது ஆஸ்போர்னின் கையால் தீட்சை வாங்கியவர். அப்போதுதான் சென்ட்ரல் ஃபுளோரிடாவில் ஒரு மேட்ச்கூடத் தோற்காமல் சீசனை முடித்திருந்தார். கராஜில் விவாதமே நடக்கவில்லை. எல்லோரும் ஒரே கட்சி. வாத்தியார் மட்டும், "ஆறெல்லாம் வேணாம், ஒரு மூணு பட்டம் போதும்" என்று தன்னடக்கத்தோடு சொன்னார்.

முதல் ஆறு மேட்சும் தோல்வி.

ஃபிராஸ்ட் காலத்துத் தோல்விகளில் ஒரு தினுசு உண்டு. அடிவாங்கித் தோற்றால் மறந்துவிடலாம். இவர்கள் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் தோற்பார்கள். 2021இல் ஒன்பது தோல்வி. ஒன்பதும் ஒற்றை இலக்க வித்தியாசம். ஒரு அக்டோபர் சனிக்கிழமை என் மகளுக்கு ஆயுஷ் ஹோமம் வைத்தேன். பஞ்சாங்கம் பார்த்த நான் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருந்த மேட்ச் அட்டவணையைப் பார்க்கவில்லை. அழைத்த அமெரிக்க நண்பர்களில் வந்தவர் பெரியவர் ஒருவர்தான். பவ்யமாகச் சம்மணம் போட முயன்று, பிறகு முட்டிக்காக ஸ்டூலில் உட்கார்ந்தார். சாஸ்திரிகள் நெய் விட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று "நோ! நோ! நோ!" என்று தொடையில் அறைந்துகொண்டார். சாஸ்திரிகள் நெய்க் கரண்டியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பெரியவரின் இடது காதில் கறுப்பாக ஒரு சின்ன ரேடியோ மொட்டு. மனைவி என் காதருகே, "ஏங்க, மந்திரத்துல தப்பு கண்டுபிடிச்சுட்டாரா?" என்றாள்.

2022 ஆகஸ்டில் டப்ளினில் நார்த்வெஸ்டர்னோடு மேட்ச். 28-17 என்று முன்னால் இருக்கும்போது, எதிராளிக்குப் பந்தைத் தூர உதைப்பதற்குப் பதில், குட்டியாக உதைத்துத் தானே எடுத்துக்கொள்ளப் பார்த்தார் ஃபிராஸ்ட். மாட்டவில்லை. 31-28 தோல்வி. விதை வியாபாரி செலவு செய்து நேரில் போயிருந்தார். திரும்பி வந்தவரைச் சூழ்ந்துகொண்டு, அந்த உதையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றோம். அன்றைக்கு அங்கே கார்டு இயந்திரங்கள் படுத்துவிட்டதால் பீர் இலவசமாம். அதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். உதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த இரண்டு வாரத்தில் ஜார்ஜியா சதர்னிடமும் தோற்க, மறுநாள் செப்டம்பர் 11ஆம் தேதி ஃபிராஸ்டை அனுப்பினார்கள். மீதி ஒப்பந்தத்துக்காகக் கொடுக்க வேண்டிய தொகை ஒன்றரைக் கோடி டாலர். அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் அது பாதியாகியிருக்கும். இதை அம்மாவிடம் போனில் சொன்னேன். அவளுக்குக் கோச் யார், அணி எது என்பதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. "இருபது நாள் பொறுக்க மாட்டாங்களா? நாங்க ஆடித் தள்ளுபடிக்கு மூணு மாசம் காத்திருப்போம்" என்றாள். இதைக் கராஜில் மொழிபெயர்த்துச் சொன்னேன். பெரியவர் யோசித்துவிட்டு, "உங்கம்மாவுக்கு என் சார்பா ஒண்ணு சொல்லுங்க. அந்த இருபது நாளையும் அவங்க பார்க்க வேண்டி வரலே" என்றார்.

ஆக, மேட் ரூல். எட்டு வருஷம், 7 கோடியே 40 லட்சம் டாலர். இவரைப் பற்றிய விவாதம் முந்தியவை மாதிரி இல்லை, ஜாதகத்தோடு வந்தது. வாத்தியார் ஒரு ரூல் போட்ட நோட்டில் எழுதியே கொண்டுவந்தார். டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ரூலின் முதல் வருஷம் 2 வெற்றி, 10 தோல்வி; இரண்டாம் வருஷம் 6-6; மூன்றாம் வருஷம் 10-4. பெய்லரில் முதல் வருஷம் 1-11, அடுத்து 7-6, மூன்றாவது 11-3. "மூணாவது வருஷம் குரு பார்வை" என்று அவர் சொல்லவில்லை. சொன்னது அதைத்தான். நடுவில் தொழில்முறை அணி ஒன்றில் மூன்றாவது வருஷம் பாதியிலேயே வேலை போனதே என்று விதை வியாபாரி கேட்டார். அது வேற ராசி என்பது போல வாத்தியார் நோட்டை மூடிவிட்டார்.

2023 ஆகஸ்ட் 30ஆம் தேதி அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஸ்டேடியத்துக்குப் போனேன். பெண்கள் வாலிபால். 92,003 பேர், பெண்கள் விளையாட்டுக்கு உலகத்தில் எங்குமே அவ்வளவு கூட்டம் வந்ததில்லை என்றார்கள். பெரியவரும் வந்திருந்தார். பொரி கொறித்துக்கொண்டு, யாரையும் திட்டாமல், புன்னகையோடு. இப்படி ஒரு முகம் அவருக்கு இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். "இந்த அணிக்கும் கோச் உண்டுல்ல, அவரை யாரும் ஒண்ணும் சொல்றதில்லையா?" என்று அம்மா கேட்டாள். கேட்டேன். அப்போதைய கோச் ஜான் குக், அவரும் பெரிய பேர் வாங்கிய ஒருவருக்கு அடுத்து வந்தவர்தான். வந்த முதல் வருஷமே 34 மேட்ச் ஆடி 34ஐயும் ஜெயித்துப் பட்டம் வாங்கிவிட்டாராம். "அப்ப சரி" என்றாள் அம்மா. மறுநாள் மினசோட்டாவில் ரூலின் முதல் மேட்ச். கடைசி நொடியில் 13-10 தோல்வி. பெரியவரின் பழைய முகம் திரும்பி வந்துவிட்டது.

அந்த வருஷம் 5-7. 2024இல் இண்டியானாவிடம் 56-7 என்று வாங்கியபோது வாத்தியார் நோட்டைக் காணோம் என்றார். எப்படியோ 7-6 என்று முடித்து, டிசம்பர் 28 அன்று நியூயார்க்கில் பாஸ்டன் காலேஜை ஜெயித்தார்கள். 2016க்குப் பிறகு ஆடக் கிடைத்த முதல் பௌல். கராஜில் அன்று மிளகாய்க் காரமான சில்லியும், கூடவே இலவங்கப்பட்டை ரோலும். இது இந்த ஊர்ச் சேர்மானம். பொங்கலும் கொத்சுவும் மாதிரி என்று சொல்ல மனசு வரவில்லை, ஆனால் பழகிவிடுகிறது.

ஜெயித்த சந்தோஷத்திலும் பெரியவர் ஆரம்பித்துவிட்டார். "ஏழு ஜெயிக்கறதெல்லாம் ஜெயிப்பா? ஆஸ்போர்ன் முதல் வருஷமே ஒன்பது ஜெயிச்சார். அந்த மனுஷன் மேல ஒரு நாளாவது நமக்குச் சந்தேகம் வந்துதா?"

கிறிஸ்துமஸ் விளக்குகளைக் கழற்றி வைக்க அட்டைப்பெட்டி தேடி வந்திருந்த அவர் மனைவி, உள்ளே போய் ஒரு பழுப்புக் காகிதத்தோடு திரும்பினார். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் பழக்கம். பெரியவர் எதை டைப் அடித்தாலும் கார்பன் பிரதி எடுத்து வைப்பவர். காகிதத்தை என்னிடம்தான் கொடுத்தார் அந்த அம்மாள். "சத்தமா படிங்க."

1976 நவம்பர், ஓக்லஹோமாவிடம் 20-17 என்று தோற்ற மறுநாள். பல்கலைக்கழகத்துக்குக் கடிதம். ஆஸ்போர்ன் நல்ல மனிதர்தான், ஆனால் ரொம்பச் சாது. தொடர்ந்து நாலு வருஷம் ஓக்லஹோமாவை ஜெயிக்கவில்லை. முந்தைய கோச் டெவானி வாங்கிக் கொடுத்த இரண்டு பட்டத்துக்குப் பக்கத்தில்கூட இவரால் வர முடியாது. வருஷத்துக்கு ஒன்பது வெற்றி பத்தாது. உடனடியாக வேறு ஆள் பார்க்கவும். இப்படிக்கு, கீழே கையெழுத்து.

வாத்தியார் படத்தைப் பார்த்தார். விதை வியாபாரி ஃபிரிட்ஜுக்குப் போனார். பெரியவர் என் கையிலிருந்து காகிதத்தை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, முதலிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படித்தார்.

"கையெழுத்து அப்ப எவ்வளவு நல்லா இருந்திருக்கு" என்றார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நெய்பர், அடுத்தது மூணாவது வருஷம், ஞாபகம் இருக்கில்ல?"