ஒரு டின் எண்ணெயும் 231 தாளும்

வா மருமகனே, ஒக்காரு. மெதுவா ஒக்காரு, அந்தப் பிளாஸ்டிக் சேர் புதுசு.

தீபாவளிக்குள்ள 15 கிலோ கொறைக்கப் போறதா ஒங்க அத்தைகிட்டச் சொன்னியாமே. ஒரு நாளைக்கு 800 கலோரிக்கு மேல தொடக் கூடாதுன்னு போன்ல ஏதோ ஒண்ணு கணக்குப் போட்டுக் குடுத்துச்சாம். போனுக்கென்னப்பா, அதுக்கு வயிறா இருக்கு?

பட்டினி கெடக்கிறது நம்ம விருதுநகருக்குப் புதுசில்ல. 1956-ல சங்கரலிங்கனார் இங்கதான் உண்ணாவிரதம் இருந்தாரு. மெட்ராஸ் ஸ்டேட்டுக்குத் தமிழ்நாடுன்னு பேரு வைக்கணும், இன்னும் பல கோரிக்கைக. அக்டோபர் 13-ல உயிரே போச்சு. பட்டினின்னா அதுக்கு ஏத்த கோரிக்கை வேணும்ல? ஒன் கோரிக்கை, போன தீபாவளிச் சட்டைக்கு பட்டன் மாட்டணும்ங்கிறது. யாருகிட்ட மனு குடுக்க?

நானும் வத்தல் மண்டியில கணக்கெழுதியே தல நரச்சவன். 15 கிலோன்னா என்னன்னு சொல்லுதேன் கேளு. பேப்பர்ல விருதுநகர் மார்க்கெட் நிலவரம் போடுவாகள்ல, கடலெண்ணெய்க்கு 15 கிலோ டின்னுக்குத்தான் வெல போட்டுருக்கும். அப்பேர்ப்பட்ட ஒரு முழு டின்ன நீ இடுப்புல கட்டிக்கிட்டுத் திரியிற. ஏத்துனது வருசக்கணக்குல, கரண்டி கரண்டியா. எறக்கும்போது மட்டும் ஒரே மூச்சுல கவுத்துப் போடணுமாக்கும்?

ஒடம்புக் கொழுப்பு ஒரு கிலோ கரையணும்னா சுமாரா 7,700 கலோரி கழியணும். 15 கிலோவுக்கு 1,15,500. நாளைக்கு 500 வீதம் கழிச்சா 231 நாளு. சிவகாசியில நீ அச்சடிக்கிற தினசரி காலண்டர்லயே 231 தாளக் கிழிச்சுப் பாத்துக்கோ. ஏழரை மாசம் ஆகும். ஏழரைன்னதும் மூஞ்சியச் சுளிக்காத. சனி புடிச்சா வருசக் கணக்கு, இது வெறும் மாசக் கணக்குதான். அதுலயும் எடை எறங்க எறங்க ஒடம்பு செலவச் சுருக்கிக்கிடும், அதனால இன்னும் கொஞ்சம் இழுக்கும். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா கணக்கத் திரும்பப் போடணும்.

ஒரு நாளைக்கு நீ எம்புட்டுத் திங்கலாம்ங்கிற கணக்கையும் நானே போட்டு வச்சிருக்கேன். எடைய 10-ஆல பெருக்கு. உயரத்த சென்டிமீட்டர்ல எடுத்து 6.25-ஆல பெருக்கிக் கூட்டு. வயச 5-ஆல பெருக்கிக் கழி. ஆம்பளைன்னா மேக்கொண்டு 5 கூட்டணும், பொம்பளைன்னா 161 கழிக்கணும். ஒனக்கு 85 கிலோ, 168 சென்டிமீட்டர், 35 வயசு. 1,730 வருது. இது நீ அசையாமப் படுத்துக் கெடந்தாலும் மூச்சுக்கும் ரத்த ஓட்டத்துக்கும் ஆகுற செலவு. பிரஸ்ல சேர விட்டு எந்திரிக்காத சோலிக்கு அத 1.2-ஆல பெருக்கினா 2,076. அதுல 500 கழிச்சா 1,576. தோராயமா 1,600-ன்னு வச்சுக்கோ. இதான் ஒன் படியளப்பு. ஐதராபாத்துல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 65 கிலோ ஆம்பளைக்கு, ஒக்காந்து பாக்குற வேலைன்னா, 2,110-ன்னு 2020-ல எழுதியிருக்கு. நம்ம 2,076-ம் அதுக்குப் பக்கத்துலதான் வருது, பாத்தியா?

இந்தக் கணக்குக்கும் ஒரு தரை உண்டு. ஆம்பளை 1,500-க்குக் கீழயும் பொம்பளை 1,200-க்குக் கீழயும் டாக்டரு சொல்லாம எறங்கக் கூடாது. 800-ங்கிறது டாக்டரு பக்கத்துல இருந்து பாத்துக்கிட வேண்டிய வைத்தியம். மொத வாரம் முள்ளு எறங்குறதப் பாத்து மீசைய முறுக்குவ. அதுல பெரும்பங்கு தண்ணி. பெறகு கொழுப்போட சேந்து சதையும் கரையும், முடி கொட்டும், அவசரமா எளைச்சவுகளுக்குப் பித்தப்பையில கல்லு வேற வரும். மிச்சம் இருக்கிற நாலு முடியையும் 800 கலோரிக்குப் பலி குடுக்கணுமா?

சிரிச்சது போதும், இதக் கேளு. ஒன் பெஞ்சாதியும் ஒன்னப் பாத்து மத்தியானச் சோத்த நிறுத்திட்டாளாமே. அவ பட்டாசு ஆலையில மருந்து செலுத்துற வேல பாக்குறவ. நீ தல சுத்தி விழுந்தா கம்ப்யூட்டர் மேல விழுவ, ஓனரு திட்டுவாரு, அம்புட்டுத்தான். அவளுக்கு அந்த ரூமுல கண்ணு இருட்டிக் கை தடுமாறுனா என்ன ஆகும்? சித்திர வெயில்ல தகரத் தட்டிக்குக் கீழ நிக்கிறவளுக்குச் சோறும் வேணும் தண்ணியும் வேணும். இன்னைக்கே தூக்குச்சட்டியக் குடுத்து அனுப்பு. ஒங்க அம்மாவும் சேந்துக்கிறேன்னு கெளம்புனா விடாத. சுகர் மாத்திரை போடுறவ, வயித்தக் காயப்போட்டா சர்க்கரை படக்குன்னு எறங்கிரும். மாத்திரை குடுத்த டாக்டர்கிட்டக் கேட்டுட்டுத்தான் எதுவும்.

நாளைக்குக் கழிக்கச் சொன்ன அந்த 500 எங்க இருக்குன்னு தேடி அலைய வேணாம். கஞ்சியிலயும் கம்மஞ்சோத்துலயும் கை வைக்காத. பருப்பு, முட்டை, மொச்சை எல்லாம் இருக்கட்டும், சத கரையாமக் காக்குறது அதுகதான். ராத்திரி எட்டு மணிக்கு நீ எந்தக் கடை பெஞ்சுல இருக்கன்னு எனக்குத் தெரியும். எண்ணெயில ஒரு கிராமுக்கு 9 கலோரி. முங்கிக் குளிச்சு வார நம்ம ஊரு பரோட்டா ஒண்ணு 10 கிராம் குடிச்சாலும் எண்ணெய் மட்டும் 90, மைதா தனி, சால்னா தனி. அதுல நாலு. மத்தியானம் காலண்டர் எண்ணுறப்ப கொறிக்கிற சாத்தூர் சேவு 50 கிராமுன்னாலே 250-க்குக் கொறையாது. திருவில்லிபுத்தூருக்குப் போயிட்டு வாரவுக வாங்கியார பால்கோவாவப் பத்தி நான் பேசல. பேசுனா எனக்கு எச்சி ஊறும்.

சேவ நிறுத்து. பரோட்டா நாலுல ரெண்டக் கொற. சாப்புட்டதும் தெப்பக்குளத்தச் சுத்தி அரமணி நேரம் நட. சும்மா சுத்திக்கிட்டு வராம, அந்த மிச்ச ரெண்டையும் சூடு ஆறுமுன்ன இலையில கட்டி இங்க குடுத்துட்டுப் போ. நான் என்ன 85 கிலோவா இருக்கேன்? ஒங்க அத்தைக்கு மட்டும் தெரிய வேணாம், பின்வாசல் வழியா வா.